எழுதுவோரும் கேட்போரும்

நம் கல்லூரியின் விழா மலருக்கு இலக்கியப் பாடம் ஒன்றை எழுதித் தருமாறு பழைய மாணவர் சங்கத்தார் பணித்தபோது, எதனை எழுதுவது என்று நான் நெடிது ஆராய வேண்டியிருக்கவில்லை. மாணவன் ஒருவனுக்கு நான் கொடுக்க வேண்டிய விடையொன்று கடனாக நின்றது. அக்கடனை இம்மலரின் வாயிலாகத் தீர்க்க எண்ணினேன்.

பத்தாம் வகுப்பில் மலைநாட்டுச் சிறுகதை ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தோம். கதைமாந்தர் யாவர், கதைக்களம் யாது, ஆசிரியர் கையாண்ட உத்திகள் எவை என்பவற்றைக் கரும்பலகையில் எழுதி முடித்தேன். பின்வரிசையிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்தான். “சேர், இந்தக் கதைய எழுதினவரு எங்களப் பத்தி எழுதினாரா, எங்களுக்கு எழுதினாரா?” என்று கேட்டான். வகுப்புச் சிரித்தது. நானும் சிரித்து, “இரண்டும் ஒன்றுதான், உட்கார்” என்றேன். மாலையில் வீடு திரும்பும் வழியில் அவ்விரண்டும் ஒன்றல்ல என்பது எனக்குப் புலப்பட்டது. இலக்கணம் கற்பிக்கும் ஒருவன் வேற்றுமை அறியாது விடை கூறிவிட்டேன்.

‘எங்களை’ என்பது இரண்டாம் வேற்றுமை. ‘எங்களுக்கு’ என்பது நான்காம் வேற்றுமை. முன்னது மனிதரைச் செயப்படுபொருளாக நிறுத்துவது. ஆக்கலும் அழித்தலும் அடைதலும் நீத்தலும் அப்பொருளின்மேல் நிகழும். அது வாளா நிற்கும். பின்னது அவரைக் கொள்வோராக்குவது. கொள்வோர் கைந்நீட்டி ஏற்பர், வேண்டாவெனில் மறுப்பர். ஒரு மக்கட் கூட்டத்தைப் பற்றி எழுதுதல் வேறு. அக்கூட்டத்துக்கு எழுதுதல் வேறு. மாணவன் கேட்ட வினா இத்துணை ஆழமுடையது.

பவணந்தி முனிவர் நன்னூலில் நான்காம் வேற்றுமைக்கு ஏழு பொருள்களை எடுத்தோதினார். கொடை, பகை, நேர்ச்சி, தகவு, அதுவாதல், பொருட்டு, முறை என்பன அவை. எழுதுவோர்க்கும் படிப்போர்க்கும் உள்ள உறவு முழுவதும் இவ்வேழினுள் அடங்கும் என்பது என் கருத்து. அவற்றை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

பாயிரத்தில் ஓர் இடம்

அதற்கு முன்னர் ஒரு செய்தியை நினைவூட்டுதல் வேண்டும். வாசகரைப் பற்றிய சிந்தனை அச்சியந்திரத்தோடு வந்த புதுமை என்று சிலர் கருதுவர். அது பொருந்தாது. நூலின் சிறப்புப் பாயிரம் கூற வேண்டியவை எட்டு என நம் முன்னோர் வகுத்தனர். நூல் செய்தவன் பெயர், நூல் வந்த வழி, வழங்கும் எல்லை, நூலின் பெயர், யாப்பு, கூறும் பொருள் ஆகியவற்றோடு ‘கேட்போர்’ என்பதையும் ‘பயன்’ என்பதையும் அவர்கள் சேர்த்து எண்ணினர். காலம், களம், காரணம் ஆகிய மூன்றையும் கூட்டிப் பதினொன்று என்பாரும் உளர். அவற்றுள் களம் என்பது நூல் அரங்கேறிய அவை.

இதனை மாணவர்கள் மனனம் செய்வர், தேர்விலும் எழுதுவர். ஆயினும் இதன் பொருளை நின்று எண்ணுவது அரிது. இந்நூல் யார்க்கு உரியது என்று கூறாதவரை நூலின் முகவுரையே நிறைவுறாது என்பதன்றோ இதன் கருத்து? நூல் எழுதி முடிந்த நாளில் அது பிறப்பதில்லை. கற்றோர் அவையில் படிக்கப்பெற்று, வினாக்களுக்கு விடை கூறி நிலைபெற்ற பின்னரே அது நூலாயிற்று. கம்பர் போன்ற பெரும் புலவரும் அவையடக்கம் கூறினர். பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடிக்கப் புகுந்த பூனையோடு தம் முயற்சியை ஒப்பிட்டனர். கேட்போர்மேல் இருந்த மதிப்பே அவ்வடக்கத்துக்குக் காரணம்.

தகவு

தகவு என்பது பொருத்தம். இன்னார்க்கு இன்னது தகும் என்பது. நம் மலைநாட்டின் எழுத்து வரலாற்றில் முதலில் எழுந்த இடர்ப்பாடு இதுவே. தோட்டங்களில் உழைத்தோருட் பலர் எழுத்தறியாதவர். அவர்க்கு எழுதுவது எங்ஙனம்?

தஞ்சைப் பகுதியிலிருந்து வந்து தொழிலாளர்க்காகப் பாடுபட்ட கோ. நடேசய்யர் (1887–1947) பத்திரிகைகள் நடத்தினார், நூல்கள் எழுதினார், 1936ஆம் ஆண்டில் அற்றன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். பத்திரிகை படிக்க இயலாதோர்க்கு அவர் பாட்டைக் கொண்டு சென்றார். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாள் மக்கள் அறிந்த மெட்டுகளில் பாடல்கள் இயற்றிச் சிறு பிரசுரங்களாக வெளியிட்டதோடு, கூட்டங்களில் தாமே பாடியும் காட்டினார். கண்ணால் படிக்க இயலாதவர் காதால் கேட்டனர். கேட்டதை வீட்டிலும் மலையிலும் பாடினர். பாயிரம் ‘படிப்போர்’ என்னாது ‘கேட்போர்’ என்று கூறியதன் நுட்பத்தை இவ்வம்மையார் செயலால் அறிவித்தார் எனலாம்.

இதற்கு மறுதலையாக அமைந்தது சி. வி. வேலுப்பிள்ளை அவர்களின் தொடக்கம். 1914ஆம் ஆண்டில் மடக்கும்புறைத் தோட்டத்தில் பிறந்து, 1947ஆம் ஆண்டில் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரான அவர், தேயிலைத் தோட்ட மக்களின் துயரை 1950களில் ஆங்கிலக் கவிதையாக வடித்தார். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்து வந்த தேர்தற் சட்டமும் அம்மக்களை நாடற்றோராகவும் வாக்கற்றோராகவும் ஆக்கியிருந்த காலம் அது. அதிகாரம் உடையோர் அறிந்த மொழியில் அவர்தம் செவியில் உறைக்கும்படி கூறுவது ஒரு பெருந்தொண்டே. ஆயினும் யாருடைய கண்ணீர் அக்கவிதையாயிற்றோ அவர்க்கு அது எட்டவில்லை. அவர்களைப் பற்றிய கவிதை அவர்களுக்கு வந்து சேர 1969ஆம் ஆண்டு வரை காலம் சென்றது. அவ்வாண்டிலேதான் சக்தீ பாலையா அதனைத் ‘தேயிலைத் தோட்டத்திலே’ என்று தமிழாக்கினார்.

சி. வி. அவர்கள் இதனோடு நின்றாரல்லர். மலைநாட்டு மக்கள் வாய்மொழியாகப் பாடிவந்த பாடல்களைப் பல்லாண்டுகள் தேடித் திரட்டினார். அத்தொகுப்பு 1983ஆம் ஆண்டில் நூலாயிற்று. மறு ஆண்டில் அவர் காலமானார். மக்கள் பாட, கவிஞர் கேட்டார் என்பதை எண்ணிப் பாருங்கள். ஆங்கிலத்தில் அவர்களைப் பற்றி எழுதத் தொடங்கியவர், முடிவில் அவர்களுடைய கேட்போராக அமர்ந்தார். எழுத்தாளர் ஒருவர் தம் வாசகர்க்குச் செய்யும் மரியாதை இதனினும் பெரிது யாது?

கொடையும் பொருட்டும்

நூலைக் கொடுப்பவர் ஆசிரியர். கொள்பவர் வாசகர் என்பது வெளிப்படை. வாசகரும் கொடுப்பர் என்பதே நாம் மறந்தது.

1880ஆம் ஆண்டில் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியராக இருந்த உ. வே. சாமிநாதையர், அவ்வூர் முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் சென்றார். தாம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் புராணங்களையும் ஐயர் வரிசையாகக் கூறினார். முதலியாரோ அவற்றால் வியப்படையவில்லை. அவற்றுக்கு மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று வினவி, சீவக சிந்தாமணியைச் சுட்டினார். ஒரு வாசகரின் அவ்வினாவே 1887ஆம் ஆண்டில் சிந்தாமணிப் பதிப்பாக மலர்ந்தது. அச்சுச் செலவுக்கு முன்பணம் தந்து கையொப்பமிட்ட அன்பர் பலர் துணைநின்றனர். அந்நூல் வெளிவருமுன்பே அதற்கு வாசகர் இருந்தனர். அவர்கள் கொடுத்த பின்னரே ஆசிரியர் கொடுத்தார்.

நம் நாட்டில் டொமினிக் ஜீவா (1927–2021) அவர்களின் வரலாறும் இத்தகையதே. யாழ்ப்பாணத்தில் முடிதிருத்தும் தொழில் செய்தவர் அவர். ‘தண்ணீரும் கண்ணீரும்’ என்னும் சிறுகதைத் தொகுதிக்குச் சாகித்திய மண்டலப் பரிசு பெற்றார். 1966ஆம் ஆண்டில் ‘மல்லிகை’ என்னும் மாத இதழைத் தொடங்கி, இடர்கள் பல வந்தபோதும் 2012ஆம் ஆண்டு வரை நடத்தினார். இதழைத் தோளிற் சுமந்து தெருத்தெருவாகச் சென்று தம் கையாலேயே விற்றார். ஆசிரியரே முன்வந்து நிற்க, அவர் முகம் பார்த்து வாசகர் விலை கொடுத்தனர். பணத்தோடு, படித்த இதழைப் பற்றிய கருத்தும் அவ்விடத்திலேயே கைமாறியது.

பொருட்டு என்பதற்கு இலக்கண ஆசிரியர்கள் காட்டும் உதாரணம் கூலிக்கு வேலை செய்தல். நாம் பிறந்த மண்ணில் அச்சொல் நெஞ்சைச் சுடும் சொல். ஆயினும் எழுத்தும் உழைப்பு என்பதை மறத்தல் ஆகாது. இன்றும் இலங்கையில் தமிழ் நூல் எழுதுவோருட் பலர் தம் கைப்பணத்தையே அச்சகத்துக்குக் கொடுக்கின்றனர். வெளியீட்டு விழாவில் மாலையும் பொன்னாடையும் குறைவின்றி வருகின்றன. முதற்பிரதியைப் பெறுவோர் புகைப்படத்துக்கு நிற்கின்றனர். பின்னர் நூற்கட்டுகள் ஆசிரியர் வீட்டுக் கட்டிலின்கீழ் அடுக்கப்படுகின்றன. அன்பளிப்பாகப் பெற்ற நூலை நம்முள் எத்தனை பேர் இறுதிப் பக்கம் வரை படித்தோம்? இவ்வினாவை எனக்கும் சேர்த்தே கேட்கிறேன்.

பகையும் நேர்ச்சியும்

நேர்ச்சி என்பது நட்பு. கல்கி அவர்கள் 1950ஆம் ஆண்டு முதல் 1954ஆம் ஆண்டு வரை ‘பொன்னியின் செல்வன்’ என்னும் தொடர்கதையை எழுதினார். கதை முடிந்தது, வாசகரின் ஆவல் முடியவில்லை. பின்னர் இன்னார் என்ன ஆனார் என்ற வினாக்களுக்கு விடையாக அவர் ஒரு முடிவுரையையும் எழுதிச் சேர்க்க நேர்ந்தது. நண்பர் ஒருவர் விடைபெற்றுப் படியிறங்கிய பின்னும் வாயிலில் நின்று பேசுவதை அது ஒக்கும்.

பகையையும் நட்பின் பக்கத்தில் வைத்தே எண்ண வேண்டும். சிந்தாமணிப் பதிப்பைக் குறைகூறிக் கண்டனங்கள் எழுதியோர் இருந்தனர். ஐயர் அவர்கள் அவர்களோடு வழக்காடிக் காலத்தை வீணாக்கவில்லை, மேலும் சுவடிகளைத் தேடினார், ஆராய்ந்தார், 1907ஆம் ஆண்டில் திருத்தமான இரண்டாம் பதிப்பை வெளியிட்டார். ஆகவே மாணவர்களே, ஒரு நூலிற் பிழை கண்டால் அதனைச் சொல்ல அஞ்சாதீர்கள். ஆனால் நூலைப் படித்துவிட்டுச் சொல்லுங்கள். படியாத புகழ்ச்சியினும் படித்த பகை நன்று. கண்டிப்பவரும் நூலைத் திறந்தவரே. எழுதியவர்க்கு மிகவும் கொடியது, எவரும் திறவாத மௌனம்.

அம்மௌனத்தின் குற்றத்தை யானும் செய்திருக்கிறேன். அதனை மறைத்து இப்பாடத்தை எழுதுதல் நேர்மையன்று.

ஆசிரிய கலாசாலையில் பயின்ற நாளில் விடுமுறைக்கு வீடு வந்தபோது, தெளிவத்தை ஜோசப் அவர்களின் சிறுகதைத் தொகுதியைக் கொணர்ந்தேன். என் தாயார் கொழுந்து பறித்து எம்மை வளர்த்தவர். கையெழுத்திட மட்டும் அறிந்தவர். இரவு உணவின் பின் கதையொன்றை அவருக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். அடுப்படியில் அமர்ந்து, ரொட்டிக்குப் பிசைந்த மாவைக்கூட மறந்து கேட்டார். முடிந்ததும் சற்றுநேரம் பேசவில்லை. பின், “இதை எழுதினவரு லயத்துல இருந்தவருதான்டா. வெளிய நின்னு பார்த்தவங்களுக்கு இது தெரியாது” என்றார். மேலும் ஓரிடத்தைச் சுட்டி, “நம்ம பக்கத்துல அப்படிச் சொல்ல மாட்டோம்” என்று திருத்தமும் கூறினார்.

கலாசாலையில் யான் கற்ற திறனாய்வு முறைகள் அனைத்தையும்விட அம்மதிப்பீடு எனக்குப் பெரிதாகத் தோன்றியது. அதனை ஆசிரியர்க்கு எழுத வேண்டும் என்று அன்றிரவே கடிதம் தொடங்கினேன். இரண்டு பக்கம் எழுதினேன். மறுநாள் படித்துப் பார்த்தபோது நடை சிறப்பாக இல்லை என்று பட்டது. பெரிய எழுத்தாளர்க்கு எழுதும் கடிதம் நல்ல தமிழில் இருக்க வேண்டுமே என்று திருத்தி எழுத எண்ணிக் குறிப்பேட்டில் வைத்தேன். ஆண்டுகள் சென்றன. தாயாரும் மறைந்தார். 2022ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் ஜோசப் அவர்கள் காலமான செய்தியைப் பத்திரிகையிற் கண்டேன். குறிப்பேட்டைத் தேடி எடுத்தேன். கடிதம் அவ்வண்ணமே இருந்தது. அதன் நடையில் குறை ஏதும் எனக்கு அப்போது தெரியவில்லை.

எழுத்தறியாத ஒரு தாய் கூறிய பாராட்டு, அதற்கு உரியவரைச் சென்றடையாமற்போனதற்கு, எழுத்தறிந்த மகனே காரணமானான். இதுவே யான் மாணவர்க்கு முன் ஒப்புக்கொள்ள விரும்பிய பிழை.

அதுவாதலும் முறையும்

பொன் மோதிரமாதல் போல, ஒன்று மற்றொன்றாக மாறுதலை அதுவாதல் என்பர். வாசகர் எழுத்தாளராதல் இவ்வகையது. மலைநாட்டில் இது கண்கூடாக நிகழ்ந்தது. 1960களில் ‘வீரகேசரி’ மலைநாட்டு எழுத்துக்கு இடமளித்தது, எஸ். எம். கார்மேகம் போன்றோர் அதற்கு உழைத்தனர். மலைநாட்டுச் சிறுகதைப் போட்டிகள் நடத்தப்பெற்றன. அதுகாறும் படித்துக்கொண்டிருந்த இளைஞர்கள் பேனாவை எடுத்தனர். பரிசுபெற்ற கதைகள் 1971ஆம் ஆண்டில் ‘கதைக்கனிகள்’ என்னும் தொகுதியாயின.

ஜோசப் அவர்களும் அக்காலத்தில் உருவானவர். 1934ஆம் ஆண்டில் பதுளைப் பகுதித் தோட்டமொன்றில் பிறந்த அவர், தாம் ஆசிரியராகப் பணிபுரிந்த தெளிவத்தைத் தோட்டத்தின் பெயரையே தம் பெயரோடு சேர்த்துக்கொண்டார். 1974ஆம் ஆண்டில் ‘காலங்கள் சாவதில்லை’ என்னும் நாவலைத் தந்தார். பின்னாளில் மலையகச் சிறுகதையின் வரலாற்றையும் எழுதினார். ஓர் ஊரின் பெயரைத் தாங்கி எழுதுபவர் அவ்வூரவர்க்கு விடைகூறக் கடமைப்பட்டவர். இதனையே முறை என்கிறோம். இன்னார்க்கு இன்னார் மகன் என்னும் உறவு அது.

நம் கண்டிப் பகுதிக்கும் இவ்வுறவு புதிதன்று. கண்டியிற் பிறந்த மு. கா. சித்திலெப்பை அவர்கள் 1882ஆம் ஆண்டில் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கினார். 1885ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய ‘அசன்பே சரித்திரம்’ ஈழத்துத் தமிழ் நாவலின் தொடக்கமாகப் போற்றப்படுகின்றது. தெல்தோட்டை தந்த அருள்வாக்கி அப்துல் காதிறுப் புலவர் (1866–1918) கடல் கடந்தும் புகழ்பெற்றார். ஆகவே மலைகள் சூழ்ந்த இவ்விடத்திலிருந்து தமிழ் எழுத்துத் தோன்றுமோ என்று நம் மாணவர் ஐயுற வேண்டுவதில்லை.

மாணவனுக்குரிய விடை

திகன புதிய நகரம். விக்டோரியா நீர்த்தேக்கத்துக்காகப் பழைய தெல்தெனிய நீரினுள் மறைந்தபின் வளர்ந்தது. இந்நகரைப் பற்றியும், இதனைச் சூழ்ந்த தோட்டங்களைப் பற்றியும், இங்குப் பல மொழியும் பல சமயமும் உடையோர் அயலவராய் வாழும் வாழ்வைப் பற்றியும் எழுதப்பட வேண்டியவை பல உள. அவற்றை எழுதப்போகிறவர் இன்று நம் வகுப்பறையில் அமர்ந்திருக்கலாம். அவர்க்குக் கேட்போர் உண்டா என்பதே வினா.

பழைய மாணவர்களாகிய உங்களுட் சிலர் கொழும்பிலும், சிலர் கடல் கடந்த நாடுகளிலும் இருக்கின்றீர்கள். கல்லூரிக்குக் கட்டடமும் கருவியும் தந்தீர்கள், நன்றி மறவோம். இனி ஆண்டுக்கு ஒரு நூலையேனும் விலைகொடுத்து வாங்குங்கள். படித்தபின் நம் நூலகத்துக்கு அனுப்புங்கள். அதன் முதற்பக்கத்தில் அந்நூல் உங்களுக்கு எவ்வாறு தோன்றியது என்று இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். உங்கள் இரண்டு வரியைக் கண்ட மாணவன் மூன்றாவது வரியை எழுதுவான்.

வகுப்பில் நான் ஒரு வழக்கத்தைத் தொடங்கியுள்ளேன். பாடமாக வரும் கதையின் ஆசிரியர் வாழ்பவராயின், பாடம் முடிந்ததும் மாணவர் அவர்க்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். எழுத்துப்பிழையை மட்டும் திருத்துவேன், நடையைத் திருத்துவதில்லை. அன்றைக்கே தபாலில் சேர்த்துவிடுவேன். மறுநாள் வரை வைத்திருப்பதில்லை.

அம்மாணவனுக்கும் விடை கூறினேன். “தம்பி, அன்று நான் சொன்னது பிழை. உங்களைப் பற்றி எழுதுவது ஆசிரியர் ஒருவராலேயே முடியும். உங்களுக்கு எழுதியதாக அது ஆவதற்கு நீயும் வேண்டும். நீ படித்து மறுமொழி சொன்னால் அது உனக்கு எழுதியது, சொல்லாவிட்டால் உன்னைப் பற்றி எழுதியதாகவே நின்றுவிடும்” என்றேன்.

அவன் சற்று எண்ணி, “அப்ப, அவருக்கு நாங்க எழுதினா, அதுவும் நாலாம் வேற்றுமை தானே, சேர்?” என்றான்.

ஆம் என்றேன். இம்முறை வகுப்புச் சிரிக்கவில்லை.